யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்க வரை ஆறுதலாக ஒரு கார்ப் பயணம்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து, நல்லூர்த் திருவிழாவோ கலியாண வீடோ முடிந்தபின், "போகிற வழியில் நாட்டையும் காட்டி எயார்போர்ட்டில் இறக்கிவிடுங்கோ" என்று கேட்பவர்கள்தான், காரும் ஹொட்டலும் ஒழுங்கு செய்து கொடுக்கிற எனக்கு வாடிக்கையாளர்களில் அதிகம். காசைப் பற்றிக் கவலையில்லை, வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய ஹொட்டல்களில் தங்க வேண்டும், எல்லாம் ஆறுதலாக இருக்க வேண்டும் என்பார்கள். கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் பட்டியல் வரும்: அனுராதபுரம், சீகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, காலி, கொழும்பு. இரவுகள் ஆறு.

இதில் ஆறுதல் எங்கே இருக்கிறது? இது பார்சல் லொறி ஓடுகிற ஓட்டம்.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். பெரும்பாலான ஹொட்டல்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு அறை தருவார்கள், மறுநாள் பன்னிரண்டுக்குள் விட வேண்டும். இரவு எட்டுக்குப் போய்ச் சேர்ந்து காலை ஏழரைக்கு வெளிக்கிட்டால், அவ்வளவு காசுக்கும் உங்களுக்குக் கிடைத்தது நித்திரை மட்டும். நித்திரைக்கு வவுனியாவில் ஒரு சாதாரண விடுதி போதுமே. கொழும்பு கோல்ஃபேஸ் ஹொட்டல் 1864இல் தொடங்கியது. அங்கே போவது கடலைப் பார்த்த விறாந்தையில் இருந்து பொழுது படுவதைப் பார்க்கத்தான். எட்டு மணிக்குப் போனால் கடல் கறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான்.

அதனால் பட்டியல் வந்ததும் நான் செய்கிற முதல் வேலை வெட்டுவது. ஆறு இரவுக்கு மூன்று இடம், இடத்துக்கு இரண்டு இரவு: அனுராதபுரம், நுவரெலியா, கொழும்பு. எட்டு இரவு என்றால் காலியைச் சேர்க்கலாம். கோட்டைக்குள் ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் இருக்கும் அமன்கல்ல ஹொட்டல் உண்மையிலேயே தங்கிப் பார்க்க வேண்டிய இடம், விலையும் அப்படித்தான். காலியிலிருந்து கட்டுநாயக்க வரை முழுக்க அதிவேகப் பாதையிலேயே வரலாம் என்பதால் கடைசி நாளை அங்கே கழிப்பதிலும் சிக்கல் இல்லை. சீகிரியாவை இந்த முறை விட்டுவிடுங்கள் என்றால் முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

தொடக்கத்தில் ஒரு இரவு கூட ஒதுக்க முடிந்தால், ஊரிலேயே ஒரு இடம் இருக்கிறது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் கடல் நடுவே நிற்கும் ஹமன்ஹீல் கோட்டை போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்தியது. பிறகு சிறையாக இருந்தது, இப்போது கடற்படை நடத்தும் தங்குமிடம். படகில்தான் போக வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் அதைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி.

இனி வீதி. யாழ்ப்பாணத்திலிருந்து அனுராதபுரம் ஏறக்குறைய 200 கிலோமீற்றர். கண்டி வீதி நல்ல வீதிதான், ஆனால் ஊர்களுக்குள் 50, வெளியே 70 என்ற வேக வரம்பு உண்டு, பொலிஸ் நிற்கும். முறிகண்டிப் பிள்ளையாரிடம் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, ஒரு தேத்தண்ணீர் குடித்துத்தான் எந்தச் சாரதியும் போவார். அதையும் சேர்த்து நாலரை மணித்தியாலம் போடுங்கள். காலை எட்டுக்கு வெளிக்கிட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். மதவாச்சிக்கு அப்பால், குறிப்பாக ஹபரணைப் பக்கம், பொழுதுபட்டபின் வாகனம் ஓட நான் சம்மதிப்பதில்லை. வீதியில் யானை நிற்பது அங்கே அதிசயம் இல்லை.

அனுராதபுரத்தில் பழைய திஸ்ஸவெவ வாடிவீடு புனித நகர எல்லைக்குள் இருப்பதால் மதுபானம் பரிமாறமாட்டார்கள். போயா (பௌர்ணமி) நாளில் நாடு முழுக்கவே அதே கதை. கலியாணக் கொண்டாட்டத்தின் தொடர்ச்சியாக வருகிற மச்சான்மாருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சண்டை பிடித்துப் பயனில்லை.

கண்டியிலிருந்து நுவரெலியா எண்பது கிலோமீற்றரும் வராது, ஆனால் றம்பொடை வளைவுகளில் அவசரப்பட முடியாது, பிள்ளைகள் சத்தி எடுப்பார்கள். மூன்று மணித்தியாலம் வையுங்கள். மழைக்காலம் என்றால் அன்று காலையே வீதி நிலைமையைக் கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும், மலையில் மண்சரிவு சொல்லிக்கொண்டு வருவதில்லை. மேலே கிராண்ட் ஹொட்டல், ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் கட்டிய வீட்டிலிருந்து வளர்ந்தது, 1891இல் ஹொட்டலானது. ஹில் கிளப் 1876இல் தொடங்கியது, இரவுச் சாப்பாட்டுக்கு ஆண்கள் கோட்டும் ரையும் போட வேண்டும். கொண்டு வரவில்லை என்றால் இரவல் கொடுப்பார்கள். கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையையே ஹொட்டலாக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளோடு வருபவர்களை நான் அங்கேதான் அனுப்புவேன். ஏப்ரல் 'சீசனில்' மட்டும் நுவரெலியா வேண்டாம். வாடகை ஏறும், சனம் நிறையும், ஆறுதல் போய்விடும்.

பழைய ஹொட்டல் என்று சொல்லி முன்பதிவு செய்யும்போது பலர் கேட்க மறப்பது, அறை எந்தக் கட்டடத்தில் என்பது. பெயர் நூற்றைம்பது வருசத்துப் பெயராக இருக்கும், உங்களுக்குக் கிடைக்கும் அறை பின்னால் சேர்த்துக் கட்டிய புதுப் பகுதியில் இருக்கும். கல்கிசை மவுண்ட் லவினியா ஹொட்டல் போன்ற பெரிய இடங்களில் பழைய ஆளுநர் மாளிகைப் பகுதியும் உண்டு, பிற்காலப் பகுதிகளும் உண்டு. பழைய பகுதிதான் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அதேநேரம், பழைய பகுதி எல்லோருக்கும் பொருந்தாது. கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், எழுபது தாண்டிய அம்மாவையும் கூட்டிக்கொண்டு, இணையத்தில் தாங்களே அறை போட்டிருந்தார்கள். மேல்மாடி, லிஃப்ட் இல்லை, மெழுகு பூசிய மரப்படி. மூன்றாவது படியில் அம்மா கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "தம்பி, இந்தப் படியில ஏறுறதுக்கோ இவ்வளவு காசு குடுத்தவை?" என்று என்னிடம் கேட்டார். பெட்டி தூக்கி வந்த பெடியனுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கீழ்த்தளத்தில் அறை மாற்ற ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிற்று. முழங்கால் வலி உள்ளவர்கள் இருந்தால் கீழ்த்தள அறை, நடந்து நுழையக்கூடிய குளியலறை இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கார் விசயத்தில் ஒரு ஆசை அடிக்கடி வரும்: எங்கள் ஊர் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலோ மொறிஸ் மைனரிலோ மலையேறிப் படம் எடுக்க வேண்டும் என்று. யுத்த காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடிய வண்டிகள், எனக்கும் அவற்றில் பாசம் உண்டு. யாழ்ப்பாண நகரம், கோட்டை, கசூரினா கடற்கரை வரைக்கும் தாராளமாக எடுங்கள். றம்பொடை இறக்கத்தில் அந்தப் பிரேக்கை நம்பிப் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன்.

நீங்களே ஓட்டுவதென்றால் வெளிநாட்டு லைசென்ஸ் மட்டும் போதாது. சர்வதேச அனுமதிப்பத்திரத்தை இலங்கை ஒட்டோமொபைல் சங்கத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும், அல்லது மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். இல்லாமல் ஓடி விபத்து நடந்தால் காப்புறுதி கைகொடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். என்னைக் கேட்டால், எதிரே வரும் தனியார் பஸ் உங்கள் பக்கத்திலேயே முந்தி வருகிற வீதியில் விடுமுறையைக் கழிப்பதைவிட, சாரதியை வைத்துக்கொண்டு பின்சீற்றில் இருப்பதுதான் சுகம்.

சாரதி என்றால், அவர் எங்கே படுப்பார் என்பதையும் கேளுங்கள். பல ஹொட்டல்களில் சாரதிகளுக்குத் தனி அறையும் சாப்பாடும் உண்டு, சிலவற்றில் இல்லை. கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில், ஜனவரி இரவில், காருக்குள் சுருண்டு படுத்து எழும்பிய மனிதர்தான் மறுநாள் உங்கள் குடும்பத்தை வளைவுகளில் இறக்கப் போகிறார். அறை இல்லாத இடங்களில் பக்கத்து விடுதி வாடகையை என் விலைப்பட்டியலில் தனி வரியாகப் போடுவேன். பேரம் பேசுகிறவர்கள் முதலில் வெட்டச் சொல்வது அந்த வரியைத்தான். வேறு எதை வேண்டுமானாலும் குறைப்போம் என்பேன், அதைக் குறைப்பதில்லை.