பிடியிழப்பு: ‘ஸ்ரோல்’ என்னும் சொல்லுக்கு ஒரு விளக்கம்

திருகோணமலையில் ‘ஸ்ரோல்’ (stall) என்றதும் நினைவுக்கு வருவது, திருவிழாக் காலத்தில் கோவில் வீதியில் பலகை போட்டு அமைக்கும் தற்காலிகக் கடை. வாகனம் ஓட்டுபவர்களிடம் அதே சொல், கிளச்சைச் சட்டென விட்டதால் எஞ்சின் நின்றுபோவதைக் குறிக்கிறது. விமானவியலில் அதற்கு மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. இரண்டாம் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவதைப் புரிந்துகொள்ள முயல்பவர் தவறாமல் வழி தவறுவார் என்பதை என் மருமகனிடம் கண்டேன்.

அவர் பறப்புப் பாவனை மென்பொருளில் பழைய டிசி-3 பயணிகள் விமானத்தைச் சீனக்குடா ஓடுபாதையில் இறக்கிப் பழகுகிறார். 1947ஆம் ஆண்டு சேவையைத் தொடங்கிய எயர் சிலோன் வைத்திருந்த ‘டக்கோட்டா’ இந்த இனத்ததே. தம்பலகாமக் குடாவைத் தாண்டிய கடைசித் திருப்பத்தில் விமானம் ஒருபுறம் குப்புறச் சரிந்து விழுந்தபோது, “மாமா, ஸ்ரோல் ஆகிட்டுது, எஞ்சின் நிண்டிட்டுது போல” என்றார். ஒலிபெருக்கியில் இரண்டு எஞ்சின்களும் முழங்கிக்கொண்டிருந்தன!

சொல்லின் மூலம் பழைய ஆங்கிலம். அங்கே அது ‘நிற்கும் இடம்’ என்ற பொருளில், குறிப்பாக மாடும் குதிரையும் கட்டும் கொட்டிலைக் குறித்து வழங்கியது. கடை என்ற பொருள் ‘நிலையான இடம்’ என்பதிலிருந்து கிளைத்தது. வண்டியும் குதிரையும் சேற்றில் புதைந்து நகர முடியாமல் நிற்பதையும் பிற்காலத்தில் அதே சொல்லாற் குறித்தார்கள். எஞ்சின் நின்றுபோவதற்கு அது பெயரானது அந்த வழியில்தான். விமானத்துக்கு வந்தபோது மட்டும் சொல் தன் பொருளுக்கே மாறாகிவிட்டது, ஏனெனில் இந்த நிலையில் எதுவும் நிற்பதில்லை. எஞ்சின் ஓடுகிறது, விமானம் முன்னே செல்கிறது, இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி வழிந்துகொண்டிருந்த காற்று அதைவிட்டுப் பிரிந்து சுழலத் தொடங்குகிறது, அவ்வளவே.

பட்டம் கட்டியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பட்டத்தை நூலோடு இணைக்கும் முச்சையின் மேல்நூலையும் கீழ்நூலையும் சரியான அளவில் முடிந்தால் பட்டம் காற்றுக்கு மெல்லச் சாய்ந்து நின்று ஏறும். அளவு பிழைத்து அது காற்றுக்கு நேர்க்குநேராக நிமிர்ந்துவிட்டால், காற்று எவ்வளவு பலமாக வீசினாலும் இழுவைதான் கூடுமேயன்றிப் பட்டம் ஏறாது. இறக்கையும் அப்படித்தான். எதிர்வரும் காற்றோடு அது அமைக்கும் தாக்குகோணம் பொதுவாக 15 பாகையளவைத் தாண்டும்போது மேற்பரப்புக் காற்று பிரிந்துவிடுகிறது. ஆகவே காரணம் கோணம். குறைந்த வேகம் அந்தக் கோணத்துக்கு இட்டுச் செல்லும் வழிகளில் ஒன்று மட்டுமே.

தமிழில் இதை ‘உயர்த்துவிசை இழப்பு’ எனலாம். பொருள் விளங்கும், ஆனால் அந்த நிலையில் உயர்த்துவிசை குறைகிறதேயன்றி முற்றாக இல்லாமற்போவதில்லை. அத்துடன், பதற்றமான நேரத்தில் வினையாக்கிச் சொல்ல முடியாத அளவுக்கு அது நீளம். ‘பிடியிழப்பு’ என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. பட்டம் காற்றுப் பிடிக்கிறது என்று நாம் ஏற்கெனவே சொல்கிறோம். அந்தப் பிடி விடுபடுவதுதான் இது. ஈரத் தெருவில் டயர் வழுக்குவதற்கும் அதே சொல் வருமே என்று ஒருவர் கேட்கலாம். வரட்டும், அங்கேயும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில்தான் பிடி போகிறது.

பெயர் திருந்தினால் பிழையைத் தேடும் இடமும் மாறுகிறது. டிசி-3 மட்டமாகப் பறக்கையில் சுமார் 58 நொட் (மணிக்கு 58 கடல்மைல்) வேகத்தில் பிடியிழக்கும். எடை கூடினால் அந்த எல்லையும் உயரும். மருமகன் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிப் போய்விட்டு, அதைப் பிடிப்பதற்காக 60 பாகை சரித்து, உயரம் குறையாதிருக்கக் கட்டுப்பாட்டு நெம்புகோலை (ஜோய்ஸ்ரிக்) தன்பக்கம் இழுத்திருந்தார். அந்தச் சரிவில் உயரத்தைக் காக்க இறக்கை இருமடங்கு பாரத்தைச் சுமக்க வேண்டியிருப்பதால் எல்லை இரண்டின் வர்க்கமூலமான 1.41 மடங்காகி ஏறத்தாழ 82 நொட் ஆகிவிடுகிறது. அவருடைய வேகமானி காட்டியது 80.

அதைத் திருத்திய பிறகும், நேராக இறங்கும்போதே ஒருமுறை மூக்கு தானாக மேலெழுந்தது. நெம்புகோலிலிருந்து கையை எடுக்கச் சொன்னேன். திரையில் தெரிந்த விமானியின் கைச்சக்கரம் நடுவில் நிற்காமல் இரண்டு விரற்கடை பின்வாங்கியே இருந்தது. நெம்புகோலின் நடுநிலை அளவீடு பிசகியிருந்தமையால் கணினி அதை ஓயாத இழுப்பாக எடுத்துக்கொண்டிருந்தது. அளவீட்டை மீண்டும் செய்து, மையத்தைச் சுற்றிச் சிறிய அசைவுகளைப் பொருட்படுத்தாத ஓர் இடைவெளியையும் வைத்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

மீளும் முறையும் சொல்லிலேயே இருக்கிறது. மூக்கை முன்னே தாழ்த்திக் கோணத்தைக் குறைத்தால்தான் காற்று மீண்டும் பிடிக்கும். எஞ்சினின் வலுவைக் கூட்டுவது அதோடு சேர்ந்து செய்யவேண்டியது, அதற்குப் பதிலாகச் செய்யவேண்டியதன்று. விழுந்த இறக்கையைக் கைச்சக்கரத்தைத் திருப்பி நிமிர்த்த முயன்றால் அந்தப் பக்கத்து முனையின் தாக்குகோணம் மேலும் கூடிவிடும் என்பதால், பிடி திரும்பும்வரை வாலிலுள்ள சுக்கானால் திசையைக் காக்க வேண்டும். நேற்று மருமகன் அப்படியே செய்து, கப்பற்றுறைப் பக்கம் கொஞ்ச உயரத்தை இழந்தாலும் விமானத்தை நிமிர்த்திவிட்டார். “இடப்பக்கம் பிடி விட்டிட்டுது மாமா” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.