வெடிசூழல் தொலைபேசி: சொல் விளக்கம்

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கனத்த வார்ப்புப் பெட்டிக்குள் ஒரு தொலைபேசி இருக்கும். ஆலைக்காரர்கள் அதை 'எஃப்.எல்.பி போன்' என்பார்கள். ஃப்ளேம்ப்ரூஃப் என்பதன் சுருக்கம். அமெரிக்காவில் எக்ஸ்ப்ளோஷன் ப்ரூஃப் என்பார்கள். இதைத் தமிழில் 'வெடிப்புத் தடுப்புத் தொலைபேசி' என்று எழுதினால் பொருள் தவறிவிடுகிறது.

ஏனென்றால் அந்தப் பெட்டி வெடிப்பைத் தடுப்பதில்லை. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால், சுமார் 0.3 மில்லிஜூல் ஆற்றலுள்ள பொறியே பற்றவைக்கப் போதும். ரிசீவரை எடுக்கும்போது உள்ளே தொடுமுனைகள் சேர்ந்து பிரிகின்றன. மணியடிக்க வரும் மின்னழுத்தமோ 90 வோல்ட்டை ஒட்டியது. பெட்டிக்குள் வாயு கசிந்து புகுந்து உள்ளேயே வெடிக்கலாம் என்று எதிர்பார்த்துத்தான் அதைச் செய்கிறார்கள். பெட்டி அந்த அழுத்தத்தைத் தாங்கும். மூடிக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள குறுகிய, நீண்ட இடுக்கு வழியே வரும் சுடர் வெளியே எட்டுவதற்குள் குளிர்ந்து அணைந்துவிடும். ஒரு போல்ட்டை மாட்டாமல் விட்டால்கூட இடுக்கு அகன்று, காப்பு போய்விடும். ஆகவே இவ்வகைக்குச் 'சுடரடக்கி' என்பதே பொருத்தம்.

இன்னொரு வகையும் உண்டு. 1913 அக்டோபர் 14 அன்று வேல்ஸின் செங்ஹெனித் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 439 தொழிலாளர்களும் மீட்புக்குப் போன ஒருவரும் இறந்தனர். சுரங்கத்துக்குள் இருந்த மின்மணிச் சமிக்ஞையின் பொறி காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் விசாரணையில் எழுந்தது. அப்புறம் வீலர், தார்ன்டன் என்ற ஆய்வாளர்கள் செய்த ஆய்வுகளில் ஒன்று தெளிவானது: பேட்டரியின் வோல்ட் குறைவு என்பதால் மட்டும் ஆபத்து நீங்காது. மணியின் கம்பிச்சுருளில் தேங்கும் ஆற்றல், சுற்று அறுபடும் கணத்தில் பொறியாக வெளிப்படும். அந்த ஆற்றலையே பற்றவைக்கும் அளவுக்குக் கீழே நிறுத்தினால், பொறி வந்தாலும் தீ வராது. இதுதான் இன்ட்ரின்சிக் சேஃப்டி. 'உள்ளார்ந்த பாதுகாப்பு' என்ற நேர் மொழிபெயர்ப்பு எதையும் விளக்கவில்லை. 'தாழ் ஆற்றல் காப்பு' என்றால் செயல்முறையே பெயரில் வந்துவிடும்.

சரி, இரண்டுக்கும் பொதுப்பெயர்? ஐரோப்பிய விதியின் பெயரான அடெக்ஸ், வெடிக்கக்கூடிய காற்றுச்சூழல் என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம். அது கருவியை விட்டு இடத்தைச் சொல்கிறது. தமிழில் 'வெடிசூழல்' அதற்குக் கச்சிதம். வெடிமருந்து போல இதுவும் வினைத்தொகை. இன்னும் வெடிக்காத, ஆனால் வெடிக்கக்கூடிய சூழலையும் அதில் அடக்கலாம். எனவே வெடிசூழல் தொலைபேசி என்பதே என் பரிந்துரை.

வகைப்பெயர்களையும் கலக்காமல் எழுத வேண்டும். பெயர்த்தகட்டில் 'எக்ஸ் டி' என்றிருந்தால் சுடரடக்கி, 'எக்ஸ் ஐஏ' என்றிருந்தால் தாழ் ஆற்றல் காப்பில் மிக உயர்ந்த நிலை. எரிவாயு எப்போதும் சூழ்ந்திருக்கும் மண்டலம் 0-இல் ஐஏ வகையை வைக்கலாம். வழக்கமான சுடரடக்கிக்கு, வாயு அவ்வப்போது வரக்கூடிய மண்டலம் 1 வரைதான் அனுமதி.