முதல் ஏழு நாட்களுக்கு யாரிடம் பணம் இருக்கிறது?

ஒரு நாடு தொற்றுநோய்க்குத் தயாராக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் கேட்கிற கேள்விகள் ரொம்பச் சாதாரணமானவை. தலைநகரிலிருந்து தள்ளி இருக்கிற ஒரு மாவட்டத்தில் இன்று இரவு காரணம் தெரியாத காய்ச்சலிலும் ரத்தக்கசிவிலும் ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள் என்று வையுங்கள். பணியில் இருக்கிற நர்ஸ் யாருக்குப் போன் செய்வார்? இரவு 2 மணிக்கு அந்த எண்ணை யாராவது எடுப்பார்களா? ரத்த மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வண்டி யாருடையது, டீசலுக்குப் பணம் எங்கிருந்து வரும், அதற்கு யார் கையெழுத்துப் போட வேண்டும்? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் எல்லோரிடமும் பதில் இருக்கும். டீசலுக்கு வரும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

பல நாடுகளின் சுகாதாரத் துறைகளோடு சேர்ந்து திட்டம் எழுதுவது, ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பது, ஒத்திகை நடத்துவது என்பதுதான் என் வேலை. இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மேலிடத்தைக் கேட்காமலே செலவழிக்கக் கொஞ்சம் பணமும், முடிவெடுக்க அதிகாரமும், கூப்பிட்டால் உடனே வரக்கூடிய நாலு பேரும் ஒரு மாவட்ட அதிகாரியிடம் இருந்தால் அந்த மாவட்டம் தயார். திட்டப் புத்தகம், ஆய்வகக் கருவி, பயிற்சிச் சான்றிதழ் எல்லாமே அந்த ஒருவருக்குக் கைகொடுத்தால்தான் பயன். அவரை எட்டாவிட்டால் எல்லாம் அலமாரியில்தான் இருக்கும்.

சட்டப்படி பார்த்தால் உலகத்தில் விதிகளுக்குக் குறைவில்லை. 2003-ல் சார்ஸ் என்கிற சுவாச நோய் உலகத்தை உலுக்கியதற்கு அப்புறம், சர்வதேச சுகாதார விதிமுறைகள் 2005-ல் புதிதாக எழுதப்பட்டன, 2007 ஜூனில் அமலுக்கு வந்தன, 196 தரப்புகள் அவற்றுக்குக் கட்டுப்பட்டவை. எல்லை தாண்டிப் பரவக்கூடிய ஆபத்து என்று ஒரு நாடு மதிப்பிட்டுவிட்டால் 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். நோயைக் கண்டுபிடிக்கவும் அடக்கவும் தேவையான அடிப்படைத் திறன்களை ஒவ்வொரு நாடும் வளர்த்துக்கொள்ளவும் வேண்டும். கோவிட் பாடங்களை வைத்து 2024-ல் இவை மறுபடியும் திருத்தப்பட்டன, 2025 மே மாதம் தனியாக ஒரு பெருந்தொற்று ஒப்பந்தமும் உலக சுகாதாரப் பேரவையில் ஏற்கப்பட்டது. எல்லாம் நல்லது, தேவையானது. ஆனால் இந்த விதி எதுவும் அந்த வண்டிக்கு டீசல் போடாது, அதை அந்தந்த நாட்டு நிதித்துறைதான் செய்ய வேண்டும்.

ஒரு நாடு எவ்வளவு தயார் என்று பார்க்க, 2016 முதல் கூட்டு வெளி மதிப்பீடு என்று ஒன்று நடக்கிறது. வெளிநாட்டு நிபுணர்களும் உள்நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து உட்கார்ந்து 19 துறைகளில் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள். நான் இதை மதிக்கிறேன். மனித மருத்துவம், கால்நடைத் துறை, உணவுப் பாதுகாப்பு, விமான நிலையம், ராணுவம் எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைக்க இது ஒரு நல்ல சாக்கு, சில நாடுகளில் அவர்கள் ஒருவரையொருவர் முதன்முதலில் சந்திப்பதே அந்த அறையில்தான். தொல்லை எங்கே வருகிறது என்றால், மதிப்பெண்ணே குறிக்கோளாகிவிடும்போது. நாடுகளின் தயார்நிலையை வரிசைப்படுத்தி 2019-ல் வெளியான உலக சுகாதாரப் பாதுகாப்புக் குறியீடு என்கிற வேறொரு பட்டியலில் அமெரிக்கா முதலிடம், பிரிட்டன் இரண்டாமிடம். அடுத்த ஆண்டே அந்த இரண்டு நாடுகளிலும் என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தோம். ஆய்வகம் இருக்கிறதா, சட்டம் இருக்கிறதா, நிபுணர் இருக்கிறாரா என்று எண்ணிவிடலாம். நெருக்கடியில் அரசியல் தலைமை அந்த நிபுணர் பேச்சைக் கேட்குமா, மக்கள் அரசை நம்புவார்களா என்பதை எண்ணுவது கஷ்டம்.

அதனால்தான் இப்போது நான் எங்கே போனாலும் 7-1-7 என்கிற அளவுகோலைப் பற்றிப் பேசுகிறேன். நோய் தலைகாட்டிய 7 நாட்களுக்குள் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்த 1 நாளுக்குள் பொறுப்பான அமைப்புக்குச் சொல்லிவிட வேண்டும், அதற்கு அடுத்த 7 நாட்களுக்குள் முதற்கட்ட நடவடிக்கைகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். இதன் நல்ல குணம், அம்மை, காலரா மாதிரி வழக்கமாக வருகிற ஒவ்வொரு நோய்ப்பரவலையும் வைத்து இதை அளந்து பார்க்கலாம், பெரிய ஆபத்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த நாளில், யார் மேசையில், எதற்காகத் தாமதம் ஆனது என்று தேதி போட்டு எழுதச் சொன்னால் காரணம் தானாக வெளியே வரும். மாதிரி எடுக்கும் குழாய் தீர்ந்துபோயிருக்கும், அல்லது மாதிரி ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்திருக்கும், அல்லது தொற்றை அறிவித்தால் வேலை போய்விடும் என்று ஒரு அதிகாரி பயந்திருப்பார். இந்தக் கடைசிக் காரணத்தை யாரும் காகிதத்தில் எழுதமாட்டார்கள், தேநீர் இடைவேளையில்தான் சொல்வார்கள்.

இந்த நாட்கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்க எபோலாவைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 2013 டிசம்பரில் கினியின் மெலியாண்டு என்கிற சின்ன ஊரில் ஒரு குழந்தையிடம் தொடங்கியதாகக் கருதப்படும் நோய், எபோலா என்று ஆய்வகத்தில் உறுதியானது 2014 மார்ச்சில்தான். அந்தப் பகுதி லைபீரியா, சியரா லியோன் இரண்டு நாட்டு எல்லைகளுக்கும் பக்கம், சந்தைக்கும் சாவுக்கும் மக்கள் தினமும் எல்லை தாண்டிப் போய்வருகிற இடம். முடியும்போது 28,600-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று, 11,300-க்கும் மேல் மரணம். மூன்று நாடுகளிலும் சேர்த்து 800-க்கும் அதிகமான சுகாதாரப் பணியாளர்களுக்குத் தொற்றியது, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். ஏற்கெனவே டாக்டர்கள் பற்றாக்குறையில் இருந்த நாடுகள் அவை.

அதே நோய் 2014 ஜூலையில் நைஜீரியாவின் லாகோஸுக்கும் வந்தது. கோடிக்கணக்கான மக்கள் நெருக்கியடித்து வாழும் நகரம். லைபீரியாவிலிருந்து விமானத்தில் வந்த ஒருவர் அங்கே நோயாளியாக இறங்கினார். அவரை மருத்துவமனையில் பார்த்த டாக்டர் அமேயோ அடாடெவோ எபோலாவாக இருக்கலாம் என்று சந்தேகித்து, எவ்வளவோ நெருக்கடி வந்தும் அவரை வெளியே விடவில்லை. பிறகு அதே நோயில் அந்த டாக்டரும் இறந்தார். அவர் வாங்கித் தந்த அந்த நேரத்தை நைஜீரியா வீணாக்கவில்லை. போலியோ ஒழிப்புக்காக 2012-ல் அமைத்த அவசரகாலச் செயல்பாட்டு மையத்தின் அனுபவமும் ஆட்களும் அப்படியே எபோலாவுக்குத் திருப்பிவிடப்பட்டன. கள நோய்ப்பரவியல் பயிற்சி, அதாவது நோய்ப்பரவலைக் களத்திலேயே விசாரிக்கக் கற்றுத்தரும் பயிற்சி, முடித்தவர்கள் ஏற்கெனவே நாட்டுக்குள்ளேயே இருந்தார்கள். நோயாளிகளோடு தொடர்பில் இருந்த ஏறத்தாழ 900 பேரைத் தேடிப்பிடித்து, 18,500 தடவைக்குப் பக்கமாக நேரில் போய்ப் பார்த்தார்கள். மொத்தம் 20 பேருக்குத் தொற்று, 8 மரணம். அக்டோபர் 20-ம் தேதி நாடு எபோலாவிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

இதில் என்னைக் கவர்வது அந்த மையம் எபோலாவுக்காகக் கட்டப்பட்டதே இல்லை என்பதுதான். தினமும் போலியோ வேலைக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்ததால் அங்கே யார் தலைவர், யார் தரவு பார்ப்பவர், பணம் யார் வழியாகப் போகும் என்பதெல்லாம் பழகியிருந்தது. அவசரத்துக்கு மட்டும் என்று பூட்டிவைக்கிற மையங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரிய திரை இருக்கும், வரிசையாகக் கணினிகள் இருக்கும், ஆனால் உள்ளே வேலை பார்த்துப் பழகிய ஒரு ஆள் இருக்கமாட்டார். உதவி செய்யும் நாடுகள் கட்டடத்துக்கும் கருவிக்கும் சுலபமாகப் பணம் தருகின்றன, படம் எடுத்துக்கொள்ள முடியும் என்பதால். சம்பளத்துக்கும் பராமரிப்புக்கும் கேட்டால் தயங்குவார்கள்.

பயிற்சியைப் பற்றியும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். ஐந்து நாள் ஹோட்டல் பயிற்சியில் ஒருவர் தொற்றுநோய் விசாரிக்கக் கற்றுக்கொள்ள முடியாது. பயணப்படி கிடைப்பதால் ஒரே ஆட்கள் எல்லாப் பயிற்சிக்கும் வருவார்கள், கண்காணிப்புக்கு ஒரு வாரம், ஆய்வகத்துக்கு ஒரு வாரம், ஆபத்தை மக்களுக்கு எடுத்துச்சொல்லும் இடர்த் தொடர்புக்கு ஒரு வாரம் என்று, அந்த வாரங்களிலெல்லாம் மாவட்டத்தில் அவர்கள் நாற்காலி காலியாக இருக்கும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சம்பளம் போதாத இடத்தில் வேறு என்ன செய்வார்கள்? ஏற்பாடு செய்கிற நம்மிடம்தான் கோளாறு. கள நோய்ப்பரவியல் பயிற்சி இதற்கு நேர்மாறு, அதனால்தான் அதன் மேல் எனக்கு அத்தனை நம்பிக்கை. தாய்லாந்தில் 1980-ல் தொடங்கிய அந்த முறையில், முழுப் பயிற்சி என்றால் 2 ஆண்டுகள், அதில் பெரும்பகுதி வகுப்புக்கு வெளியே, உண்மையான நோய்ப்பரவல்களை விசாரித்துக்கொண்டே, பக்கத்தில் ஒரு மூத்தவர் இருந்து திருத்தத் திருத்தக் கற்றுக்கொள்வது. மாவட்ட அளவில் இருப்பவர்களுக்கு 3 மாதக் குறும்பயிற்சியும் உண்டு, அதிலும் பெரும்பாலான நாட்கள் அவர்கள் தங்கள் வேலையிலேயே இருப்பார்கள். தன் மாவட்டத்துத் தரவைத் தானே அலசி, பதிவேட்டில் இருக்கும் எண்ணும் மேலே போன அறிக்கையில் இருக்கும் எண்ணும் வேறுவேறு என்று கண்டுபிடிக்கிற ஒரு சுகாதார ஆய்வாளரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஒத்திகைகளும் அப்படித்தான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிற ஒத்திகைக்குச் செலவு குறைவு, அதிலேயே பாதி ஓட்டைகள் தெரிந்துவிடும், யாரும் வெட்கப்படாமல் பேசினால். அமைச்சர் முன்னால் நடத்தினால் எல்லாம் சரியாக நடந்ததாகவே முடியும். அதனால் முதல் தடவை மூத்தவர்கள் இல்லாமல் நடத்துங்கள் என்று நான் எப்போதும் சொல்வேன்.

நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. 2014 செப்டம்பரில் கினியின் வோமே என்கிற ஊருக்கு எபோலா விழிப்புணர்வுக்காகப் போன குழுவில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள், அதில் சுகாதார அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் இருந்தார்கள். வெளியிலிருந்து வந்து, கவச உடையில் முகம் தெரியாமல், இறந்தவரைக் குடும்பத்துக்குக் காட்டாமல் பையில் போட்டு எடுத்துப்போனால் மக்கள் என்ன நினைப்பார்கள்? அடக்கம் செய்யும் முறையை ஊர்ப் பெரியவர்களோடும் மதத் தலைவர்களோடும் பேசி, பாதுகாப்பாகவும் கண்ணியமாகவும் மாற்றிய பிறகுதான் பல இடங்களில் ஒத்துழைப்பு கிடைத்தது. அந்த உறவை நோய் வந்த பிறகு தொடங்க முடியாது. தடுப்பூசி போடவும் பிரசவம் பார்க்கவும் ஆண்டு முழுக்க வீட்டுக்கு வருகிற ஊழியர்தான் நெருக்கடியிலும் வாசல்படி ஏற முடியும். தாய்லாந்தின் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராம சுகாதாரத் தன்னார்வலர்கள் கோவிட் காலத்தில் வீடு வீடாகப் போக முடிந்தது அதனால்தான்.

அடிபட்ட பிறகாவது மாறுகிற நாடுகளும் உண்டு. தென்கொரியாவில் 2015-ல் மத்தியக் கிழக்கிலிருந்து திரும்பிய ஒருவர் வழியாக மெர்ஸ் என்கிற சுவாச நோய் மருத்துவமனைகளுக்குள் பரவி, 186 பேருக்குத் தொற்றி 38 பேர் இறந்தார்கள். அதற்கு அப்புறம் அவர்கள் சட்டத்தையே மாற்றி, அவசரகாலத்தில் பரிசோதனைக் கருவிகளுக்கு விரைவாக அனுமதி தர வழி செய்தார்கள். 2020 ஜனவரி 20-ல் அங்கே முதல் கோவிட் நோயாளி, பிப்ரவரி தொடக்கத்திலேயே அனுமதி பெற்ற பரிசோதனைக் கருவி தயார். ருவாண்டாவில் 2024 செப்டம்பர் 27-ல் எபோலா மாதிரியான மார்பர்க் நோய் அறிவிக்கப்பட்டது, 10 நாட்களுக்குள் ஆய்வுநிலைத் தடுப்பூசியை முன்களப் பணியாளர்களுக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள். 66 பேருக்குத் தொற்று, 15 மரணம். வழக்கமாகப் பாதிப் பேரையோ அதற்கும் மேலோ கொன்றுவிடும் நோய் அது.

2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது பல நாடுகளில் வெளிப்பணத்தில் சம்பளம் வாங்கிய கண்காணிப்பு ஊழியர்கள் வேலையை இழந்தார்கள், அவர்கள் பெற்ற பயிற்சியும் அவர்களோடு வெளியேறியது. அதனால் திறன் வளர்க்க வருகிற எங்களைப் போன்றவர்களிடம் ஒரு நாடு முதல் நாளே கேட்க வேண்டியது இதுதான்: இந்தப் பதவிகள் எந்த ஆண்டு எங்கள் சொந்த பட்ஜெட்டுக்குள் வரும்? பதில் இல்லாத திட்டத்தில் தயங்காமல் திருத்தம் கேளுங்கள், மறுப்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. நிதித்துறை அதிகாரி ஒருவரை ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள், முழுநாளும் உட்காரவையுங்கள். மாவட்டத்துக்கு ஒரு சிறு அவசர நிதி, செலவழித்த பிறகு கணக்குக் காட்டினால் போதும் என்கிற விதியோடு. எல்லைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருக்கிற மாவட்ட அதிகாரிகள் தலைநகரங்கள் வழியாகப் போகாமல் நேரடியாகப் பேசிக்கொள்ள எழுத்துப்பூர்வமான அனுமதி. ஒவ்வொரு நோய்ப்பரவலும் முடிந்த 3 மாதத்துக்குள், ஞாபகம் மங்குவதற்கு முன்னால், களத்தில் இருந்த நர்ஸையும் ஓட்டுநரையும் கூட உட்காரவைத்து ஒரு மீளாய்வு. அந்த அறிக்கையில் திருத்த வேண்டியவை ஐந்துக்கு மேல் இருந்தால் குறைத்துவிடுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொறுப்பான பதவியையும் தேதியையும் எழுதுங்கள்.