களிமண் போக்கர் சில்லுக்கு அச்சு தேர்ந்தெடுத்தல்: விளிம்பு வளையம் செய்யும் வேலை

தம் வீட்டுச் சீட்டாட்டத்துக்கென, பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் களிமண் போக்கர் சில்லுகளைச் சொல்லிச் செய்விப்பவர்களில் பலர், நிறங்களையும் நடுவில் வரவேண்டிய படத்தையும் முதலில் முடிவு செய்துவிட்டு, சில்லை அழுத்தி உருவாக்கும் உலோக அச்சைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து. சில்லின் இரு முகங்களிலும் படத்தைச் சுற்றி ஓடும் வளையத்தில் அச்சு பதிக்கும் பொறிப்பை அலங்காரம் என்று மட்டும் கருதிவிட முடியாது. படம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், சில்லுகளை அடுக்கினால் அடுக்கு அசையாமல் நிற்குமா, சில ஆண்டுகள் கைபட்ட பிறகு எது தேயும், எது எஞ்சும் ஆகிய அனைத்தையும் அந்தக் குறுகிய வளையமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

களிமண் சில்லு என்று அழைத்தாலும் அது சுட்ட மண் அன்று. தந்தம், எலும்பு, மரம் ஆகியவற்றால் சில்லுகள் செய்யப்பட்டு வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே களிமண்ணையும் அரக்கையும் சேர்த்துப் பிசைந்த கலவையும் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. 1880களில் அதைப் பல நிறுவனங்கள் செய்துகொண்டிருந்தன. இன்றைய கலவையில் களிமண்ணோடு கனிமத் தூள்களும், எடை கூட்டும் பொருள்களும், அவற்றை ஒட்டவைக்கும் பிணைப்பானும் உள்ளன. சரியான விகிதத்தை ஒவ்வொரு நிறுவனமும் தொழில் இரகசியமாகக் காத்துவருகிறது. ஆனாலும் அதன் அடர்த்தியை எளிதாகக் கணக்கிடலாம். 39 மில்லிமீட்டர் விட்டமும் 3.3 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட வட்டின் பருமன் ஏறத்தாழ 3.9 கன சென்டிமீட்டர். அது 9 கிராம் எடையிருந்தால் அடர்த்தி தண்ணீரைப்போல் 2.3 மடங்கு. சாதாரண பிளாஸ்டிக்கின் அடர்த்தி தண்ணீருக்கு அருகிலேயே இருப்பதால், கனிமப் பொருளே இந்தச் சில்லின் எடைக்குக் காரணம் என்பது தெளிவாகும்.

உருவாக்கும் முறை அழுத்த வார்ப்பு எனப்படும். முதலில் ஒரே நிறக் கலவையிலிருந்து வட்டுகள் வெட்டப்படுகின்றன. விளிம்பில் வேறு நிறப் பட்டைகள் வேண்டுமானால், அந்த இடத்துக் களிமண்ணை வெட்டியெடுத்துவிட்டு, அதே வடிவில் வெட்டிய வேறு நிறக் களிமண்ணை அங்கே பொருத்துகிறார்கள். பட்டை பூச்சாக இல்லாமல் சில்லின் உடலாகவே இருப்பதால்தான் எவ்வளவு தேய்ந்தாலும் அதன் நிறம் மறைவதில்லை. பிறகு, பிளாஸ்டிக் படலம் போர்த்திய வட்டமான படத்தாளை நடுவில் வைத்து, மேலும் கீழுமாக உள்ள இரண்டு உலோக அச்சுகளுக்கிடையே வட்டைச் சூட்டோடு அழுத்துகிறார்கள். பிணைப்பான் இளகிக் கலவை சற்றே நகர்கிறது. பட்டைகள் உடலோடு இறுகிச் சேர்கின்றன. தாள் களிமண்ணோடு ஒன்றிவிடுகிறது. அதைப் பின்னர் பிரித்தெடுக்க முயன்றால் தாளோ சில்லோ சிதையும். வளையத்தின் பொறிப்பும் இதே அழுத்தத்தில்தான் பதிகிறது. ஆகவே, பொறிப்பின் எல்லைகளைக் கலவை எந்த அளவுக்கு நகரும் என்பதே வகுக்கிறது.

தூள்கள் நிறைந்த இக்கலவை உருகிய பிளாஸ்டிக்கைப்போல் ஒவ்வொரு மூலையிலும் புகுந்து நிரம்புவதில்லை. மிக மெல்லிய கோடுகளும் கூர்மையான உள்மூலைகளும் கொண்ட பொறிப்பில் காற்று சிக்கிக்கொண்டால் அந்த இடம் அரைகுறையாகப் பதியும். பக்கச் சுவர்கள் செங்குத்தாக நின்றால் அச்சைத் திறக்கும்போது ஓரங்கள் பிய்ந்துவரும் என்பதால் அவற்றைச் சற்றுச் சாய்வாகச் செதுக்க வேண்டும். இக்காரணங்களால் வெற்றி பெற்ற பழைய அச்சுகள் பெரும்பாலும் தெளிவான, தடித்த வடிவங்களையே கொண்டிருக்கின்றன. பால்-சன் நிறுவனத்தின் சில்லுகளில் தொப்பியும் கைத்தடியும், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் டி.ஆர்.கிங் நிறுவனத்தின் சில்லுகளில் மணிமுடியும், வேறு பல அச்சுகளில் சதுரமும் சாய்சதுரமும் மாறிமாறி வருவதும் இத்தகையவை. திரையில் அழகாகத் தெரியும் நுண்ணிய கொடிவேலைப்பாடு களிமண்ணில் மங்கிப்போவதற்கு, அச்சு செய்தவரின் திறமைக்குறைவைவிடப் பொருளின் இயல்பே பெரும்பாலும் காரணமாகிறது.

அடுத்தது அளவு. 39 மில்லிமீட்டர் சில்லில் 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள படத்தாள் அமைந்தால், அதைச் சுற்றி ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் அகலமான வளையம் கிடைக்கும். தாள் 28.5 மில்லிமீட்டராக வளர்ந்தால் வளையம் 5 மில்லிமீட்டரை ஒட்டிச் சுருங்கும். 32 மில்லிமீட்டருக்குப் போனால் 3.5 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். ஒவ்வோர் அச்சும் குறிப்பிட்ட அளவுத் தாளுக்கென்றே செதுக்கப்பட்டிருப்பதால், அச்சைத் தேர்ந்தெடுத்த கணத்திலேயே படத்தின் அளவும் முடிவாகிவிடுகிறது. படத்தை முதலில் வரைந்துவிட்டு அதற்கேற்ற அச்சைத் தேடுபவர் எழுத்துகளைப் பின்னர் சுருக்க நேர்வது இதனால்தான். பெரிய படத்தில் எழுத்து நன்கு தெரியும் என்பது உண்மையே. ஆனால் வளையம் ஒடுங்க ஒடுங்க, விளிம்புப் பட்டைகள் முகத்தில் காட்டும் வண்ணமும் ஒடுங்கும். களிமண் சில்லின் அழகு அந்தப் பட்டைகளில்தான் இருக்கிறது என்று கருதும் நான், நடுத்தரத் தாளையே விரும்புவேன்.

அடுக்கு நிற்பது தொடுபரப்பைப் பொறுத்தது. ஒரு சில்லின் மேல் இன்னொன்றை வைக்கும்போது, முகங்களில் எவை உயர்ந்திருக்கின்றனவோ அவையே ஒன்றையொன்று தொடுகின்றன. தொடும் இடங்கள் விளிம்புக்கு அருகில், சுற்றிலும் தொடர்ச்சியாக இருந்தால், மூன்று கால்களில் மட்டும் நிற்கும் முக்காலியைப்போல் அல்லாமல், வட்டம் முழுவதும் தாங்கும் அடித்தளம் கிடைக்கிறது. வடிவங்கள் உயர்ந்தும் எண்ணிக்கையில் குறைந்தும் இருந்தால், ஒரு சில்லின் மேடு மற்றதன் பள்ளத்துக்கு மேல் வந்து அமர்வதால் சில்லு இலேசாக ஆடலாம். வடிவங்கள் உட்குழிந்து, சுற்றியுள்ள தளம் சமமாக இருக்கும் அச்சில் இந்தச் சிக்கல் குறைவு. தளத்தில் நுண்ணிய குறுக்குக்கோடுகள் சேர்ந்தால் உராய்வு கூடி, இருபது சில்லுகளின் அடுக்கு கைபட்டாலும் எளிதில் சரியாது. படத்தாள் இந்தத் தளத்தைவிட மயிரிழை தாழ்ந்திருப்பதும் நல்லது. அப்போது உராய்வைக் களிமண் ஏற்றுக்கொள்கிறது, தாள் தப்புகிறது.

வடிவங்கள் சுற்றி அமைந்திருக்கும் ஒழுங்கையும் கவனிக்க வேண்டும். வட்டை அச்சுக்குள் வைக்கும்போது பட்டைகள் எந்தத் திசையை நோக்கி இருக்க வேண்டும் என்று பொதுவாக எவரும் பொருத்திப் பார்ப்பதில்லை. அதனால் பட்டைக்கும் பொறிப்புக்கும் உள்ள உறவு சில்லுக்குச் சில்லு மாறும். ஒன்றில் பட்டை தொப்பியின் மேல் விழும், மற்றொன்றில் இரு வடிவங்களுக்கு நடுவே விழும். நெருக்கமாகவும் சீராகவும் திரும்பத்திரும்ப வரும் பொறிப்பு இந்த வேறுபாட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் உள்வாங்கிக்கொள்ளும். நான்கைந்து பெரிய வடிவங்களே உள்ள பொறிப்பு அதை வெளிப்படையாகக் காட்டிவிடும். கையால் செய்த பொருளின் அடையாளம் என்று அதை விரும்புவோரும் உண்டு. ஆனால் பல பட்டைகள் கொண்ட சிக்கலான விளிம்பைத் திட்டமிட்டிருப்பவர் எளிய அச்சையே எடுப்பது நல்லது. இரண்டும் நெருக்கமாக இருந்தால் கண்ணுக்கு எதுவுமே பிடிபடாது.

பொறிப்பு நமக்குத் தெரிவது நிழலால்தான். வெளிறிய நிறச் சில்லில் பள்ளத்தின் நிழல் பளிச்சென்று தெரியும். கருப்பு அல்லது அடர் ஊதாவில் மேற்பரப்பே குறைவான ஒளியைத் திருப்புவதால் நிழலுக்கும் தளத்துக்கும் வேறுபாடு குறைந்துவிடும். ஒரே அச்சு வெள்ளைச் சில்லில் ஆழமாகவும் கருப்பில் வழுக்கையாகவும் தோன்றுவதற்கு இதுவே காரணம். மாதிரிச் சில்லுகளைக் கேட்டுப் பெறும்போது, உங்கள் தொகுப்பில் வரவிருக்கும் மிக அடர்ந்த நிறத்திலேயே கேட்டு, அதை ஆட்டமேசையின் மேல்விளக்கின்கீழ் வைத்துப் பாருங்கள்.

வணிகச் சூதாட்டக் கூடங்களில் அச்சுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. அமெரிக்காவின் நெவாடா மாநில விதிகள் சில்லின் தடிமனை 0.130 அங்குலம் என்றும், வழக்கமான விட்டத்தை 1.55 அங்குலம் என்றும் வகுப்பதோடு, தயாரிப்பாளரைக் காட்டும் பெயரோ குறியோ அதில் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. தொப்பியும் கைத்தடியும் போன்ற வளையப் பொறிப்பு அந்த அடையாளத்தைப் படத்தின் இடத்தைத் தொடாமலேயே சுமக்கிறது. நிறுவனங்கள் தம் அச்சுகளை இவ்வளவு கவனமாகப் பாதுகாப்பதற்கும், சிலவற்றைத் தனியாருக்குத் தராததற்கும் கள்ளச் சில்லு பற்றிய அச்சம் ஒரு முக்கியக் காரணம்.

தனக்கே உரிய புதிய அச்சைச் செதுக்கச் சொல்லலாமா என்ற கேள்வியும் எழும். செதுக்கும் செலவு நூறு சில்லுக்கும் ஆயிரம் சில்லுக்கும் ஒன்றே என்பதால், சிறிய தொகுப்பில் அது ஒவ்வொரு சில்லின் மேலும் பெருஞ்சுமையாக ஏறும். பணம் இருந்தாலும் நான் தயங்குவேன்: நிறுவனத்திடம் ஏற்கெனவே உள்ள அச்சு எப்படிப் பதிகிறது, எப்படித் தேய்கிறது என்பதற்குப் பல ஆண்டுகள் புழங்கிய சில்லுகள் கையிலேயே சான்றாக இருக்கின்றன. புதிய அச்சுக்குத்தான் மனம் விழைகிறது என்றால், வடிவங்களை உட்குழிவாகவும் தடித்தும் அமைத்து, ஒவ்வொரு நிறத்திலும் சில சில்லுகளை முன்னோட்டமாக அழுத்திக் காட்டச் சொன்ன பிறகே முழு எண்ணிக்கைக்கு ஒப்புதல் தாருங்கள்.