ராத்திரி முடிந்த பக்கம் விடியும்போது சேலத்துக்கு வந்த விதம்

ஒரு நாளிதழின் அரசியல் செல்வாக்கு என்றதும் தலையங்கத்தையும் ஆசிரியரையும்தான் பேசுகிறோம். அந்தத் தாள் எத்தனை மணிக்கு, எந்த உருவத்தில் வாசகர் கைக்குப் போனது என்று கேட்பது குறைவு. ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் கதையைச் சேலத்தில் உட்கார்ந்து பார்த்தால் எனக்கு இந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது.

1878 செப்டம்பர் 20 அன்று திருவல்லிக்கேணியில் 6 இளைஞர்கள் கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்தபோது அது வார இதழ். 1882இல் சேலத்தில் கலவரம் நடந்தது. தூண்டிவிட்டவர் என்று நகராட்சி உறுப்பினரும் வக்கீலுமான சி. விஜயராகவாச்சாரியார்மீது வழக்குப் போட்டார்கள், கடைசியில் ஐகோர்ட்டில் விடுதலையானார். கவர்னர் கிராண்ட் டஃப் அரசு இந்த விவகாரத்தைக் கையாண்ட விதத்தை இந்து விடாமல் சாடியது. ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை வரும் இதழ் வாதாடலாம், அன்றன்றைக்கு ஊரில் நடக்கும் பேச்சுக்குள் நுழைய முடியாது. 1889 ஏப்ரல் 1 முதல் நாளிதழானது.

அப்புறமும் தூரம் இருந்தது. சென்னைக்கும் சேலத்துக்கும் சுமார் 340 கிலோமீட்டர். ரயில் புறப்படும் நேரத்துக்குள் கட்டு ஏறியாக வேண்டும் என்பதால் வெளியூர்ப் பதிப்பைச் சீக்கிரமே முடித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு வந்த செய்தி வெளியூர்க்காரருக்கு மறுநாள்தான். 1963இல் பத்திரிகைக் கட்டுகளைக் கொண்டுபோகச் சொந்த விமானங்களே வாங்கிப் பார்த்தார்கள்.

1969இல் வந்ததுதான் உண்மையான திருப்பம்: தாளை அனுப்பாமல் பக்கத்தின் படத்தை மட்டும் அனுப்பும் ஃபேக்சிமிலி முறை. தயாரான பக்கத்தின் பளபளப்பான படியை ஓர் உருளையில் சுற்றுவார்கள். உருளை வேகமாகச் சுழல, மெல்லிய ஒளிப்புள்ளி ஒன்று அதன் நீளவாக்கில் மெதுவாக நகரும். எழுத்தின் கறுப்பில் பட்டால் ஒளி கொஞ்சமாகத் திரும்பும், வெள்ளையில் பட்டால் நிறைய. அந்த ஏற்ற இறக்கத்தை ஒளி உணரும் குழாய் ஒன்று மின்சாரமாக மாற்றும். மறுமுனையில் அதே மின்சாரம் ஒரு விளக்கைக் கூட்டியும் குறைத்தும் இயக்க, அங்கே சுழலும் உருளையில் சுற்றிய ஃபிலிமில் பக்கம் வரி வரியாகப் பதியும், நம்மூர்த் தறியில் ஊடை ஒவ்வொன்றாக விழுந்து துணி உருவாகிற மாதிரி. இரண்டு உருளையும் துளிகூடப் பிசகாமல் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும், இல்லையென்றால் எழுத்தெல்லாம் சாய்ந்துவிடும். ஒரு பெரிய பக்கத்தின் நுணுக்கத்துக்கு ஒரு தொலைபேசி இணைப்பு போதாது. பல இணைப்புகளின் இடத்தைச் சேர்த்துக் கொடுத்தால்தான் சில நிமிஷங்களில் போய்ச் சேரும். அந்த ஃபிலிமிலிருந்து தகடு செய்து அச்சடிப்பார்கள். சென்னையில் முடித்த பக்கம் கோவையிலும் அச்சாகத் தொடங்கியதும் மேற்கு மாவட்டங்களுக்கான தூரம் பாதிக்கும் கீழே போனது. கோவையிலிருந்து சேலம் சுமார் 160 கிலோமீட்டர்தான். 1986இல் இதே வேலைக்குச் செயற்கைக்கோளைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தந்தி வார்த்தையைத்தான் கொண்டுபோகும், யாராவது திரும்ப அச்சுக் கோக்க வேண்டும். ஃபேக்சிமிலி பக்கத்தை உள்ளபடியே கொண்டுபோகும். ராஜீவ் காந்தியின் காங்கிரஸ் அரசு ஸ்வீடனின் போபர்ஸ் நிறுவனத்திடம் பீரங்கி வாங்கியதில் லஞ்சம் கைமாறியதாகப் புகார் எழுந்தது. 1988இல் இந்துவின் பத்திரிகையாளர்கள் சித்ரா சுப்ரமணியமும் என். ராமும் அந்தப் பேரத்தின் ஆவணங்களைத் தொடராக வெளியிட்டபோது அவற்றைப் படமாகவே அச்சிட்டார்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்தவர் பார்த்த அதே காகிதங்களைச் சேலம் செவ்வாய்ப்பேட்டை வாசகரும் தன் கண்ணால் பார்க்க முடிந்தது, நிருபரின் வார்த்தையை நம்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இல்லை. 1989 தேர்தலில் காங்கிரஸ் பெரும்பான்மையை இழந்ததற்கு ஒரு பத்திரிகையை மட்டும் காரணம் சொல்ல மாட்டேன், ஆனால் பிரச்சார மேடைகளில் போபர்ஸ் ஒலித்ததற்கு இந்த ஆவணங்கள் பெரிய காரணம்.

அந்தத் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால், 1989 அக்டோபரில், போபர்ஸ் தொடரின் அடுத்த பகுதியை நிறுத்தியவர் அதே இதழின் ஆசிரியர் ஜி. கஸ்தூரி. ராம் வெளிப்படையாகவே எதிர்த்தார், சித்ரா சுப்ரமணியம் தன் ஆவணங்களோடு வேறு நாளிதழ்களுக்குப் போனார்.