எட்டுப் புள்ளி, எட்டு வரிசை

கடையநல்லூர்ப் பக்கமிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். பள்ளியில் 640 பிள்ளைகளுக்கு அடையாள அட்டை போட வேண்டும். வகுப்பாசிரியர்கள் ஆளுக்கொரு போனில் எடுத்த படங்கள் ஒரே ஃபோல்டரில் வந்து குவிந்துவிட்டன. ஒவ்வொன்றும் மூன்று, நான்கு எம்பி. அச்சகத்துக்காரர் கேட்பதோ 300 பிக்சல் அகலம், 50 கேபிக்குள். “ஒவ்வொன்றாகத் திறந்து சுருக்கினேன். நாற்பதைத் தாண்டவில்லை, கை வலி எடுத்துவிட்டது. தம்பி வந்து கணினியில் ஒரே ஒரு வரிக் கட்டளையைத் தட்டிவிட்டான். டீ குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதற்குள் என்ன நடந்தது? படத்திலிருந்து எதைத் தூக்கிப் போட்டது?” என்று கேட்கிறார்.

தம்பி பயன்படுத்தியது இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருளாக இருக்கலாம். டூபாண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் கிறிஸ்டி 1987-இல் எழுதத் தொடங்கி, 1990-இல் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த மென்பொருள் அது. படத்தைத் திரையில் காட்ட வேண்டிய வேலை அதற்கு இல்லை. கோப்பைப் பிரி, சுருக்கு, எழுது, மூடு, அடுத்ததை எடு. அவ்வளவுதான். ஒவ்வொன்றாக எடுப்பதற்கும் காரணம் உண்டு. போன் எடுக்கும் 3000-க்கு 4000 படத்தில் 1 கோடியே 20 லட்சம் பிக்சல். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். பிரித்து விரித்தால் ஒரு படமே 36 எம்பி ஆகிவிடும். 640-ஐயும் ஒன்றாக விரித்தால் 23,000 எம்பி. பள்ளிக் கணினி தாங்காது.

36 எம்பி எப்படி நான்கு எம்பிக்குள் அடங்கிக் கிடந்தது? எனக்குச் சலிக்காத இடம் இதுதான்.

போன்கள் படத்தைச் சேமிக்கப் பரவலாகப் பயன்படுத்தும் ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டிக்கொள்கிறது. எட்டுப் புள்ளி எட்டு வரிசைக் கோலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் 64 பிக்சல். அந்த 64 எண்களை அது அப்படியே எழுதி வைப்பதில்லை. தன்னிடம் நிரந்தரமாக 64 மாதிரிக் கோலங்களை வைத்திருக்கிறது. முதலாவதில் 64 புள்ளியும் ஒரே நிறம். இரண்டாவதில் இடப்பக்கம் வெளிச்சம், வலப்பக்கம் இருட்டு, நடுவில் மெதுவான சரிவு. போகப் போகக் கோடுகள் நெருங்கும். கடைசிக் கோலம் சதுரங்கப் பலகை போலப் பொடிப்பொடியாக இருக்கும். எல்லாம் பள்ளியில் படித்த கொசைன் அலைகளே. முதல் கோலத்தில் இவ்வளவு, இரண்டாவதில் இவ்வளவு என்று அளந்து கூட்டினால் எந்த 64 பிக்சலையும் திரும்பப் பெற்றுவிடலாம்.

இதுவரை எதுவும் இழக்கவில்லை, எதுவும் குறையவுமில்லை. 64 எண் கொடுத்து 64 எண் வாங்கியிருக்கிறோம். ஆனால் பையனின் கன்னத்தில் ஒரு கட்டத்தை எடுங்கள். அங்கே நிறம் மெதுவாகத்தான் மாறுகிறது. முதல் சில எண்கள் பெரிதாகவும், மற்றவை பூஜ்ஜியத்தை ஒட்டியும் வரும். இப்போது ஒவ்வோர் எண்ணையும் ஓர் அட்டவணைப்படி வகுத்து முழு எண்ணாக்குகிறார்கள். ஜேபெக் தரநிலையில் உதாரணமாகக் கொடுத்திருக்கும் அட்டவணையில் முதல் எண்ணுக்கு வகுத்தி 16, கடைசி எண்ணுக்கு 99. முதல் எண் 413 என்றால், 16-ஆல் வகுத்து 26 என்று எழுதுவார்கள். திரும்பப் பெருக்கினால் 416, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கடைசி எண் 40 என்றால், 99-ஆல் வகுத்தால் பாதிக்கும் கீழே, ஆகவே பூஜ்ஜியம். இப்படி வரிசையாக வரும் பூஜ்ஜியங்களை “இத்தனை பூஜ்ஜியம்” என்று சுருக்கி எழுதிவிடலாம். நம் கண் பொடி வேலைப்பாட்டில் வரும் சிறு பிழையைக் கவனிக்காது என்ற ஒரே நம்பிக்கையில்தான் இந்தப் பூஜ்ஜியங்கள் பிறக்கின்றன. ஆசிரியை கேட்ட “எதைத் தூக்கிப் போட்டது” என்பதற்குப் பதிலில் பாதி இது.

மீதிப் பாதி, சுருக்குவது. 3000 அகலத்தை 300 ஆக்க, ஒவ்வொரு பத்தாவது பிக்சலை மட்டும் எடுத்துக்கொண்டால் போதுமே என்று தோன்றும். செய்து பாருங்கள், கட்டம் போட்ட சீருடையில் இல்லாத பட்டைகள் நெளியும். விட்டுவிட்ட ஒன்பதில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை அல்லவா? சுற்றியுள்ள பிக்சல்களின் சராசரியை எடுத்தால்தான் படம் ஒழுங்காக வரும்.

இங்கே அந்த முதல் கோலத்துக்குத் திரும்புங்கள். எல்லாப் புள்ளியும் ஒரே நிறமுள்ள அந்தக் கோலத்தின் அளவு எதைக் குறிக்கிறது? 64 பிக்சலின் சராசரியைத்தான்! நமக்கு வேண்டிய சராசரி கோப்புக்குள்ளேயே, ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே சிறிய படம்தான் வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால், நல்ல மென்பொருள் 1 கோடியே 20 லட்சம் பிக்சலையும் விரிப்பதே இல்லை. கட்டத்துக்கு ஓர் எண் மட்டும் எடுத்தால் 375-க்கு 500 படம் நேராகக் கையில் வந்துவிடும். அங்கிருந்து 300-க்கு இறக்குவது சின்ன வேலை.

இந்தக் கொசைன் முறையை யோசித்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972-இல் இதை ஆராய அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருதியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். தன் மாணவர் நடராஜனோடும் நண்பர் கே. ஆர். ராவோடும் சேர்ந்து வேலையை முடித்து, 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். 1992-இல் ஜேபெக் தரநிலை அதன்மேல் எழுந்தது. எளிமை என்பது ஒரு குறை என்று நிதிக் குழுக்கள் இன்றைக்கும் நினைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. எத்தனை எளிய யோசனைகள் அந்த மேசையிலேயே நின்றுபோயினவோ!

மூடநம்பிக்கை கணினிக்கு முன்னாலும் உண்டு. கோப்பின் பெயரில் பிஎன்ஜி (இன்னொரு பட வடிவம்) என்பதை அழித்து ஜேபெக் என்று எழுதினால் படம் மாறிவிடாது. ஜேபெக் கோப்பு 255, 216 என்ற எண்களோடு தொடங்கும், பிஎன்ஜி 137-இல் தொடங்கும். மென்பொருள் அதைப் பார்த்துவிடும். அதேபோல் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்று மாற்றினால் தெளிவு கூடும் என்பார்கள். பிக்சல் எண்ணிக்கை அப்படியே இருக்கும்போது அது தாளில் அச்சிடும் அளவைச் சொல்லும் ஒரு குறிப்பு மட்டுமே.

ஆசிரியைக்கு இரண்டு விஷயம். சுருக்கிய படங்களை வேறு ஃபோல்டரில் எழுதச் சொல்லுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் மூலப் படங்களின் மேலேயே எழுதி, என் அப்பாவின் கடைசிப் பயணப் படங்களை 800 பிக்சலாக்கிவிட்டேன். தூக்கிப் போட்ட எண்கள் திரும்பி வரவே இல்லை. அடுத்து, 640-இல் சில பிள்ளைகள் படுத்த வாக்கில் இருந்தால் பயப்பட வேண்டாம். போன் படத்தைப் படுக்கையாகவே பதிந்துவிட்டு, “இதை நிமிர்த்திக் காட்டு” என்று ஓரத்தில் ஒரு குறிப்பு மட்டும் வைக்கும். சுருக்கும்போது அந்தக் குறிப்பு உதிர்ந்திருக்கும். குறிப்பைப் படித்து முதலில் நிமிர்த்தச் சொல்லி, பிறகு சுருக்கச் சொன்னால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள்.