உப்புக் கேட்ட உடம்பு

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அந்தப் பெண்மணி முதல்முறை வந்தபோது, அவரைவிட அவருடைய மாமியார்தான் அதிகம் பேசினார். "மூன்று மாதமாகச் சோர்ந்து சோர்ந்து படுக்கிறாள். வெயிலில் கருத்துவிட்டாள். கல்லுப்பு ஜாடி வாரத்துக்கு ஒருமுறை காலியாகிறது. நாற்பது வயதுக்கு மேல் மசக்கையா என்று தெருவே சிரிக்கிறது, டாக்டரம்மா." நர்ஸ் சிரித்தார், நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. மாமியார் அன்றே முழு நோயையும் சொல்லி முடித்திருந்தார். எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

கருத்துப்போனதற்கு வேலூர் வெயிலைக் குற்றம் சொல்வது சுலபம். சித்திரை, வைகாசியில் இங்கே யார்தான் நிறம் மாறாமல் இருக்கிறார்கள்? ஆனால் அவர் வயலுக்குப் போகிறவர் அல்ல. பீடி சுற்றுகிறவர். விடிந்ததிலிருந்து முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர் வெயிலில் எப்படிக் கருப்பார்? இந்தக் கேள்வி எனக்கு அன்று எழவில்லை. உள்ளங்கை ரேகைகள் மையிட்டதுபோல் இருந்ததைப் பார்த்தேன், புகையிலைத் தூள் என்று நினைத்துவிட்டேன். இரும்புச்சத்து மாத்திரை எழுதி, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். கொஞ்சம் கூடுதலாக வந்தது. சோர்வுக்கு ஒரு பெயர் கிடைத்த நிம்மதியில் தைராய்டு மாத்திரையை, மிகக் குறைந்த அளவில்தான், ஆரம்பித்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். ஓயாத வாந்தி. இரத்த அழுத்தம் 80-க்கு 50. அவசரமாகப் பார்த்ததில் இரத்தத்தில் உப்பின் அளவைக் காட்டும் சோடியம் 118-க்கு இறங்கியிருந்தது, பொட்டாசியம் ஏறிக்கிடந்தது. நாக்கு வறண்டிருக்கிறதா என்று பார்க்க வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறுகளிலும் கன்னத்தின் உட்புறத்திலும் நீலம் கலந்த கறுப்புத் திட்டுகள். புகையிலைத் தூள் உள்ளங்கையில் ஒட்டும். புகையிலை போடும் பழக்கமே இல்லாதவரின் ஈறில் எப்படி ஒட்டும்?

சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் இரண்டு சிறு சுரப்பிகளுக்கு அட்ரினல் என்று பெயர். உடம்பில் உப்பைப் பிடித்துவைப்பதும், நெருக்கடி நேரத்தில் இரத்த அழுத்தம் விழாமல் தாங்குவதும் அவற்றின் ஹார்மோன்களே. சுரப்பிகள் அழிந்தால் உப்பு சிறுநீரில் ஓடிவிடும், உடம்பு உப்பைக் கேட்கும். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, செத்த குதிரையைச் சவுக்கால் அடிப்பதுபோல், அட்ரினலைத் தூண்டும் ஹார்மோனைக் கொட்டிக்கொண்டே இருக்கும். தோலைக் கருக்கவைப்பது அந்தக் கொட்டல்தான். இதை 1855-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் எழுதிவைத்தார். அவர் அறுத்துப் பார்த்த உடல்களில் பலவற்றில் சுரப்பியைத் தின்றிருந்தது காசநோய். நம் ஊரில் இன்றும் முதலில் சந்தேகிக்க வேண்டியது காசநோயைத்தான். ஹிஸ்டோபிளாஸ்மா என்னும் பூஞ்சையும் இதே வேலையைச் செய்யும். அதனால் ஸ்கேனில் சுரப்பி வீங்கியிருக்கிறது என்றவுடன் காசநோய் மருந்தைத் தொடங்கிவிடாமல், முடிந்தவரை ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. இவருக்குத் துணுக்கில் தெரிந்தது காசநோய்.

தைராய்டு மாத்திரை ஏன் அவரைக் கவிழ்த்தது? அட்ரினல் குறைபாட்டிலேயே டி.எஸ்.எச். லேசாக ஏறும். அதைத் தைராய்டு நோய் என்று நம்பி மாத்திரை கொடுத்தால், அட்ரினல் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனில் மிச்சமிருப்பதையும் உடம்பு வேகமாகச் செலவழித்துவிடும். பாடப்புத்தகத்தில் நான் அடிக்கோடிட்டுப் படித்த வரி இது. எல்லாத் தைராய்டு நோயாளிகளும் பயப்பட வேண்டாம், மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். மாத்திரை தொடங்கியபின் சோர்வு கூடி, வாந்தியும் தலைசுற்றலும் வந்தால் மட்டும் அடுத்த மாதத் தேதி வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள்.

காசநோய் உறுதியான பிறகும் ஒரு பள்ளம் இருந்தது. ரிஃபாம்பிசின் காசநோய்க்கு முக்கியமான மருந்து. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறதே என்று எல்லோரும் கேட்பார்களே, அந்த மருந்து. அது கல்லீரலை முடுக்கிவிடும். கல்லீரல் மற்ற மருந்துகளையும் ஹார்மோன்களையும் வழக்கத்தைவிட வேகமாக உடைத்துத் தள்ளும். கார்டிசாலும் அதில் போய்விடும். எனவே கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை முதலில் கொடுத்து, அளவைக் கூட்டி, அதன்பிறகே காசநோய் மருந்து. வரிசை மாறினால் மருந்தே ஆளைச் சாய்த்துவிடும். இதே ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும், ஏற்கெனவே தைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அளவு போதாமல் செய்யும், சில சர்க்கரை மாத்திரைகளையும் வலுவிழக்கவைக்கும். காசநோய் மருந்து வாங்கப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

சர்க்கரை என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்கு ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர். எட்டு வருடச் சர்க்கரை. நன்றாகக் கட்டுக்குள் இருந்தது திடீரென்று முந்நூற்றைத் தாண்டியது. ஒரு மாத்திரை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. "சோற்றைக் குறைத்துவிட்டேன், அம்மா. எடைகூட ஆறு கிலோ இறங்கிவிட்டது" என்று பெருமையாகச் சொன்னார். இருமலைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் சொன்னார், அதுவும் தோல் தூசியால் வருவது என்றார். மார்பு எக்ஸ்-ரேயில் நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிழல். காசநோய் வழக்கமாக மேல்பகுதியில் உட்காரும் என்று படித்திருக்கிறோம். சர்க்கரை உள்ளவர்களிடம் அது கீழேயும் வரும், சாதாரண நிமோனியாபோல் வேஷம் கட்டும். சளியில் கிருமி இருந்தது.

சர்க்கரை நோய் இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்காகிறது. காசநோய் வந்தால் சர்க்கரை ஏறுகிறது. ஒன்று மற்றொன்றுக்குப் படி போட்டுக்கொடுக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின் கணக்குப்படி, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதனால்தான் அரசுத் திட்டத்தில் ஒவ்வொரு காசநோயாளிக்கும் சர்க்கரை பார்க்கச் சொல்கிறார்கள். மறுபக்கம்தான் நழுவுகிறது. சர்க்கரைக்காரரிடம் "இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா, எடை குறைந்ததா" என்று கேட்க நேரமில்லை என்கிறோம். இரண்டே கேள்விகள். சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். காசநோய் உறுதியானால் உணவு உதவித்தொகையாக 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

இடையில் ஒரு புலம்பல். முழங்கால் வலிக்கும் இழுப்புக்கும் பெயரில்லாத பொட்டல மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். ஒரே நாளில் வலி பறந்துவிடும். பறக்கவைப்பது பெரும்பாலும் கார்டிசாலைப் போல வேலை செய்யும் ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தால் சொந்த அட்ரினல் தூங்கிவிடும். திருவிழாவுக்கு ஊருக்குப் போய்ப் பொட்டலத்தை மறந்துவிட்டால் நான்காம் நாள் மயக்கம். இவர்களுக்குத் தோல் கருக்காது, ஆகவே கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும். 2021-இல் கருப்புப் பூஞ்சை எத்தனை பேரின் கண்ணைக் கொண்டுபோனது என்று நினைத்துப் பாருங்கள். கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில்தான் அது அதிகம் பிடித்தது.

இனி ஆராய்ச்சி. "பெரிய ஆஸ்பத்திரியில் ஏதோ பேப்பரில் கையெழுத்துக் கேட்கிறார்கள், எலிபோல் வைத்துப் பார்ப்பார்களா?" என்று மாதத்துக்கு இருவராவது கேட்கிறார்கள். சந்தேகம் நியாயமானது, கேலி செய்யமாட்டேன். ஆனால் நம் ஊர்க் காய்ச்சலை வைத்தே ஒரு பதில் இருக்கிறது.

ஐப்பசி மழைக்குப் பிறகு, ஆடு மேய்த்தவர்களும் சுள்ளி பொறுக்கியவர்களும் ஒரு வாரக் காய்ச்சலோடு வருவார்கள். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை. துணியை விலக்கி அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பகத்தின் அடி, தொடை இடுக்கு என்று தேடினால் பீடி நெருப்புச் சுட்டதுபோல் கறுத்த ஒரு பொருக்கு கிடைக்கும். வலிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் கடி அது. உண்ணிக் காய்ச்சல். ஸ்க்ரப் டைபஸ் என்று சீட்டில் எழுதியிருக்கும். பொருக்கு எல்லோருக்கும் இருக்காது, இருந்தால் நோய் கைக்கு வந்த மாதிரி. ஆரம்பத்தில் டாக்ஸிசைக்ளின் என்ற விலை மலிந்த மாத்திரைக்கு அடங்கும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவும்.

முற்றிய நிலையில் எந்த மருந்து மேல்? டாக்ஸிசைக்ளினா, அசித்ரோமைசினா, இரண்டுமா? பல வருடங்கள் ஆளுக்கொரு பழக்கத்தில் கொடுத்துவந்தோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று, நாட்டின் ஏழு மருத்துவமனைகளில் ஏறத்தாழ 800 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். முடிவு 2023-இல் வந்தது. இறப்பு, ஏழாம் நாளிலும் நீடித்த சிக்கல், ஐந்தாம் நாளிலும் தணியாத காய்ச்சல் ஆகியவற்றை ஒன்றாக எண்ணினால், இரண்டு மருந்தும் சேர்த்து நரம்பில் ஏற்றியவர்களில் 33 சதவீதத்தினருக்கு அந்த நிலை. ஒற்றை மருந்து பெற்றவர்களில் 47, 48 சதவீதம். இறப்பை மட்டும் தனியே பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதையும் மறைக்காமல் எழுதினார்கள். அந்த 800 பேரோ, மயங்கிக்கிடந்தவர்களின் உறவினர்களோ சம்மதித்ததால்தான் இன்று ஒடுகத்தூரிலிருந்து வரும் முற்றிய காய்ச்சல்காரருக்கு எதை ஏற்றச் சொல்வது என்று யோசிக்காமல் சொல்ல முடிகிறது.

சம்மதத் தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி முன்னிலையில் படித்துக்காட்ட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது. ஆய்வால் தீங்கு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தரவேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகள் சொல்கின்றன. மருந்துப் பரிசோதனைகள் 2009-லிருந்து தேசியப் பதிவேட்டில் பதிவாக வேண்டும், அதை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஷூ கம்பெனிக்காரர் அப்படியொரு தாளோடு மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். சர்க்கரையும் காசநோயும் உள்ளவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு, புது மருந்து எதுவும் இல்லை. மூவருமாக உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். இரத்தம் எவ்வளவு எடுப்பார்கள் என்றோ, பெயர் வெளியே போகுமா என்றோ அவர் கேட்கவில்லை. அதையெல்லாம் நான் கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மனைவிதான் கடைசியில், "மாதம் ஒருநாள் லீவு போட்டால் சம்பளம் போகுமே, பஸ் காசாவது தருவார்களா?" என்றார். மூன்றாம் பக்கத்தின் அடியில் பயணச் செலவு பற்றி ஒரு வரி இருந்தது. நாள் சம்பளத்தைப் பற்றி ஒன்றுமில்லை. "கேட்டுவிட்டு வந்து போடுகிறேன்" என்று தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சர்க்கரை மாத்திரைச் சீட்டுக்குக் கையை நீட்டினார்.